காம்பியாவின் அகலம்

பாதர்ஸ்ட், காம்பியா
3-10-1971

அன்புள்ள மீனாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் கேட்ட கேள்வியை உன்னிடம் சொல்லிச் சிரித்தேனே, நினைவிருக்கிறதா? ஆப்பிரிக்கப் படத்தைச் சுவரில் மாட்டி, புதிதாக விடுதலை பெற்ற நாடுகளைக் குச்சியால் காட்டிக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து, "சார், அந்த நாட்டுக்கு அகலமே இல்லையே. ஜனங்க தூக்கத்துல புரண்டு படுத்தா வேற நாட்டுக்குப் போயிடுவாங்களா?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பதில் தெரியவில்லை. முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன் ஒரு நாட்டையும் கண்ணால் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது அதே நாட்டில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். தாராளமாகப் புரண்டு படுக்கலாம்.

நம் வீட்டிலிருந்து சிப்பிகாட் போகிற பத்து மைல் தூரத்தை நினைத்துக்கொள். அதைப்போல இரண்டு மடங்கு போனால் சில இடங்களில் நாடு முடிந்துவிடும். மூன்று மடங்கு போனால் எந்த இடத்திலும் முடிந்துவிடும். நீளம் மட்டும் இருநூறு மைல். நம் அந்தமான் தீவுகள் இரண்டு பக்கமும் கடல் உள்ள நீண்ட நிலம். இது இரண்டு பக்கமும் கரை உள்ள நீண்ட ஆறு. மேற்கே அட்லாண்டிக் கடல், மற்ற மூன்று பக்கமும் செனகல் என்கிற ஒரே நாடு. சட்டைப் பையில் பேனா செருகியதுபோல அதற்குள் இது செருகியிருக்கிறது. தலைநகர் ஆற்று முகத்தில் ஒரு சின்னத் தீவு. ஆக, தீவிலிருந்து கிளம்பி இன்னொரு தீவுக்குத்தான் வந்திருக்கிறேன்.

பள்ளியில் கணக்கு வாத்தியார் பக்காரி எனக்குத் துணை. காலையில் பார்த்ததும், "உன் வீட்டார் எங்கே?" என்று அவர்கள் மொழியில் கேட்பார். "அங்கேதான் இருக்கிறார்கள்" என்று சொல்ல வேண்டும். அதுதான் இந்த ஊர் வணக்கம். தினமும் உன்னை அங்கே இருக்கவைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன்.

"ரெண்டு வருஷம் என்ன பெரிசு, போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று நீ தள்ளியிராவிட்டால் கிளம்பியிருக்க மாட்டேன். பக்கத்து வீட்டு நர்ஸ் சரசுவுக்கு நீ சொல்லிக்கொடுக்கும் தமிழ் எழுத்து எதுவரை வந்திருக்கிறது? நாற்பது வயதில் இந்திப் பள்ளிக்கூடத்துப் படிப்பை வைத்துக்கொண்டு தமிழ் எழுத உட்கார்ந்தவளை நான் மெச்சியதாகச் சொல்.

உன்,
சிவஞானம்

*

குட்வில் எஸ்டேட், போர்ட் பிளேர்
20-11-1971

அன்பு அத்தானுக்கு, மீனாம்பாள் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சுகம். தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

கடிதம் வர முப்பத்தெட்டு நாள் ஆகியிருக்கிறது. படத்தை விரித்து நானும் சரசுவும் உங்கள் நாட்டைத் தேடினோம். அவள் கண்டுபிடித்துவிட்டாள். "தேகோ அக்கா, மண்புழு மாதிரி!" என்றாள். எனக்குத்தான் அகப்படவில்லை.

ஒரு வேடிக்கை. கண்ணையா அண்ணன் அபர்தீன் பஜாரில் என் பக்கத்தில் வந்து நின்று வணக்கம் சொன்னாராம். நான் பேசாமல் போய்விட்டேனாம். "மாஸ்டர் வெளிநாடு போனதும் அம்மாவுக்கு எங்களையெல்லாம் தெரியலை" என்று கடை கடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுநாள் நானே அவர் கடைக்குப் போய், எதிரே நின்று, சத்தமாக வணக்கம் வைத்துவிட்டு வந்தேன். போகிற வழியில் ஒரு ஜீப்காரன் வேறு, "அம்மா, தேக்கே சலோ!" என்று கத்தினான். நான் பார்த்துத்தான் நடந்தேன். அவன்தான் எங்கிருந்தோ முளைத்தான்.

மழை விடவில்லை. நீங்கள் நட்ட எலுமிச்சை பிழைத்துவிட்டது. வரிகள் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மேசை ஆடுகிறது. அந்த நாட்டைப் பற்றி இன்னும் எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோலவே எழுதுங்கள்.

தங்கள்,
மீனாம்பாள்

*

பாதர்ஸ்ட்
9-1-1972

அன்புள்ள மீனாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பாகிஸ்தான் போர் முடிந்த செய்தியை வானொலியில் கேட்டேன். தீவில் எல்லோரும் பத்திரம் என்று நம்புகிறேன்.

உன் வரிகள் மவுண்ட் ஹாரியட் ஏறுகின்றன! இரண்டு இடத்தில் ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறி உட்கார்ந்திருக்கிறது. மேசைக்காலுக்கு அடியில் அட்டையை மடித்து வை. தாளுக்கு அடியில் கோடு போட்ட தாளை வைத்துக்கொள். நான்காம் வகுப்புக்குச் சொல்கிற வைத்தியம்தான்.

பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல எழுதச் சொன்னாய். சரி, பொருளாதாரம்.

ஒரு வீட்டில் பத்துப் பேர், சம்பாதிப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் வீடு முழுக்கக் கஞ்சி. இந்த நாட்டில் அந்த ஒருவர், நிலக்கடலை. வெளிநாட்டுக்குப் போகும் சரக்கில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் கடலையும் அதன் எண்ணெயும்தான். ஆண்கள் மேட்டு நிலத்தில் கடலை போடுகிறார்கள். பெண்கள் ஆற்றோரச் சேற்றில் நெல் நடுகிறார்கள். விதைப்புச் சமயத்தில் அண்டை நாடுகளிலிருந்து உழவர்கள் வருகிறார்கள். வாரத்தில் சில நாள் வீட்டுக்காரர் நிலத்தில் வேலை செய்தால், மீதி நாளில் தங்களுக்கென்று பயிரிட ஒரு துண்டு நிலமும் சாப்பாடும் கிடைக்கும். நம் தீவில் வந்து குடியேறியவர்களைப்போல என்று முதலில் நினைத்தேன். இல்லை, இவர்கள் விளைந்ததை விற்றதும் ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

இப்போது கொள்முதல் காலம். படகுகள் ஆற்றில் இறங்கி வருகின்றன. அரிசி மூட்டை ஏற்றிய படகு பார்த்திருக்கிறாய். இங்கே மூட்டையே கிடையாது, படகின் வயிறு நிறையக் கடலையைக் கொட்டிக்கொண்டு வருகிறார்கள்.

உன்,
சிவஞானம்

*

போர்ட் பிளேர்
16-2-1972

அன்பு அத்தானுக்கு, மீனாம்பாள் சொல்ல சரசு எழுதுகிறாள். இங்கு யாவரும் சுகம். தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

எனக்கு மணிக்கட்டில் சின்ன பிசகு. அதனால் இனி கொஞ்ச நாள் சரசு கையெழுத்துதான்.

போர் சமயத்தில் ராத்திரி விளக்கை கொளுத்த கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் வீட்டுக்குள்ளேயே முட்டி கொண்டார்கள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சரசு வீட்டுக்கு கூட நான்தான் கையை பிடித்து கூட்டி போனேன்.

கப்பல் வந்து இருபது நாள் ஆகிறது. கப்பலை பார்க்க தினமும் துறைமுகத்தில் கூட்டம். வெங்காயம் இல்லை. பருப்பு இல்லை. அதெல்லாம் ஒரு குறையா. இப்போதெல்லாம் கடலை பார்க்க முடிவதில்லை. அதுதான் ஒரு மாதிரி இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

தங்கள்,
மீனாம்பாள்

(மாஸ்டர்ஜி, நான் சரசு. அக்கா சொல்ல சொல்ல எழுதறேன். ஒற்று எங்கே போடணும்னு கேக்கறதுக்குள்ள அடுத்த வரி வந்துடுது. நீங்களே போட்டு படிச்சுக்குங்க. மாஃப் கர்னா.)

*

பாதர்ஸ்ட்
2-4-1972

அன்புள்ள மீனாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

சரசுவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஒற்றுத்தான் ஓடிவிட்டது. சிவப்புப் பென்சிலை எடுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை, கோபிக்க வேண்டாம் என்று சொல். 'விளக்கை கொளுத்த' அன்று, 'விளக்கைக் கொளுத்த.' 'கையை பிடித்து' அன்று, 'கையைப் பிடித்து.' 'கப்பலை பார்க்க' அன்று, 'கப்பலைப் பார்க்க.' ஐ என்னும் உருபு வெளிப்படையாக வந்தால் பின்னால் வரும் வல்லினம் இரட்டிக்கும்.

ஆனால் ஓரிடத்தில் தப்பவே இல்லை. 'கடலை பார்க்க முடிவதில்லை' என்று ஒற்றுப் போடாமல் எழுதியிருக்கிறாளே, சபாஷ்! அங்கே ஒரு 'ப்' போட்டிருந்தால் தின்கிற கடலை உப்புக் கடல் ஆகியிருக்கும். இதையே உதாரணமாக வைத்து அவளுக்கு விளக்கு.

போர்ட் பிளேரில் கடலை கிடைக்கவில்லையா! இங்கே வந்து பார். கடலையை மலையாகக் குவித்து, அதன்மேல் ஆட்கள் ஏறி நடக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சர்க்கரைமேல் எறும்பு. உனக்கென்று ஒரு டின் வாங்கிக் கப்பலில் அனுப்பியிருக்கிறேன். மூன்று மாதமாவது ஆகும்.

போன வாரம் இங்கே தேர்தல். நாட்டுத் தலைவர் ஒருவர். முப்பதுக்குச் சற்று அதிகமான உறுப்பினர்கள் உள்ள சபை. மாவட்டத் தலைவர்களுக்கும் அதில் சில இடம். விஷயம் அதுவன்று. ஓட்டு எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? கோலிக்குண்டால்! எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் என்பதால் சீட்டு கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் தகரப் பீப்பாய். மறைவுக்குள் போய், வேண்டியவர் பீப்பாயில் குண்டைப் போட வேண்டும். உள்ளே ஒரு மணி, 'டிங்' என்று ஒரு தடவை அடிக்கும். வெளியே அதிகாரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு தடவை அடித்தால் திருட்டு ஓட்டு. "அன்றைக்கு ஐஸ்காரன்கூட சைக்கிள் மணியை அடிக்கக்கூடாது" என்று பக்காரி சிரிக்கிறார். நம் தீவுக்கு நாடாளுமன்ற ஓட்டு வந்தே ஐந்து வருஷம்தான் ஆகிறது. நாம் சீட்டை மடித்துப் போட்டுவிட்டு வந்தோம். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

உன்,
சிவஞானம்

*

போர்ட் பிளேர்
20-5-1972

அன்பு அத்தானுக்கு, மீனாம்பாள் சொல்லச் சரசு எழுதுகிறாள். இங்கு யாவரும் சுகம். தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

கடலையைப் பற்றித் தாங்கள் எழுதியதைச் சரசு படித்தாள். கேட்டுச் சிரித்தோம். கோலிக்குண்டு ஓட்டைப் பற்றிக் கண்ணையா அண்ணனுக்கும் சொன்னோம். மழை தொடங்கிவிட்டது. எலுமிச்சை பூத்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

தங்கள்,
மீனாம்பாள்

*

பாதர்ஸ்ட்
2-7-1972

அன்புள்ள மீனாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

சரசுவுக்குப் பத்துக்குப் பத்து! ஒரு பிழை இல்லை. ஆனால் கடிதம் இத்தனை சின்னதாக இருக்கிறதே. இரண்டு மூன்று தடவை படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிய கடிதம்போல இருந்தது. மணிக்கட்டு இன்னும் சரியாகவில்லையா?

ஒரு செய்தி. என் ஒப்பந்தம் அடுத்த ஜூலையில் முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமா என்று தலைமை ஆசிரியர் கேட்கிறார். ஆற்றின் மேல்பகுதிக்குப் போய்ப் பார்க்க எனக்கும் ஆசை. நீ வேண்டாம் என்றால் வேண்டாம். செப்டம்பர் நடுவில் நான் பதில் சொல்ல வேண்டும். உன் கடிதம் அதற்குள் வராவிட்டால் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன்,
சிவஞானம்

*

போர்ட் பிளேர்
9-8-1972

மாஸ்டர்ஜிக்கு சரசுவோட நமஸ்தே.

இந்த லெட்டர் அக்காவுக்குத் தெரியாம எழுதறேன். ஒற்றுப் பிழை இருந்தா சிவப்பு பென்சில் எடுக்காதீங்க. எடுத்தா எனக்குக் கோபம் வரும்.

அக்காவுக்கு மணிக்கட்டுல ஒண்ணுமில்லை. கண்ணு. கண்ணுக்குள்ள பிரஷர். பிப்ரவரியில மெயின்லேண்ட்லேர்ந்து கண் டாக்டர் வந்தப்ப நான்தான் இழுத்துக்கிட்டுப் போனேன். ஓரத்துலேர்ந்து பார்வை சாப்பிட்டுக்கிட்டே வருமாம். போனது போனதுதான், திரும்பாது, மிச்சத்தைக் காப்பாத்த மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணணும்னார். அப்ப ரெண்டு கண்ணும் கொஞ்சம் கொஞ்சம் இருந்துச்சு. ஏப்ரல்ல இடது கண்ணு முழுசாப் போயிடுச்சு. வலதும் சுருங்கிக்கிட்டு வருது.

டாக்டர்கிட்டேர்ந்து வந்த அன்னிக்குத்தான் உங்களுக்கு லெட்டர் எழுதச் சொன்னாங்க. அதுல சொன்னாங்க மாஸ்டர்ஜி. "இப்போதெல்லாம் கடலைப் பார்க்க முடிவதில்லை"ன்னு சொன்னாங்க. பின்வாசல் படியில நின்னா தெரியுமே, அந்தக் கடல். சமந்தர். நான்தான் அந்த 'ப்'பை விட்டுட்டேன். அப்புறம் உங்க பதில் வந்துச்சு, சபாஷ்னு.

நான் படிச்சு முடிச்சதும் அக்கா கேட்டாங்க, "என்னடி, அவர் என்ன சொல்றார்?"

"கடலைன்னு நெனச்சுட்டார் அக்கா. மூங்ஃபலி!"

அக்கா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் நான் சொன்னேன், "சலோ, இப்பவே இன்னொண்ணு எழுதலாம். பெரிசா ஒரு ப் போட்டு எழுதறேன்."

"வேணாம் விடு."

"ஏன் அக்கா?"

"ஒரு தரம் சொன்னா அது சேதி. ரெண்டாம் தரம் சொன்னா கூப்பிடறது ஆயிடும். முப்பது வருஷம் சுவத்துல மாட்டின படத்தைப் பார்த்தவர். ரெண்டு வருஷம் நெஜத்தைப் பார்க்கட்டும்."

"அவர் பார்க்கறதுக்கு உங்க கண்ணைக் குடுப்பீங்களா? பாகல் ஹோ க்யா, பைத்தியமா?" அப்படின்னு கேட்டேன். மூணு நாள் எங்கூடப் பேசலை.

மே மாசம் எழுதின லெட்டருக்கு நீங்க பத்துக்குப் பத்து போட்டீங்க. அந்த லெட்டர்ல ஒற்று எல்லாம் இருந்துச்சு, அக்கா இல்லை. அது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. ஆனா அடுத்த வரியிலேயே ஆத்துக்குப் போயிட்டீங்க. இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமான்னு கேட்டதுக்கு, "சம்மதம்னு எழுது"ன்னு அக்கா சொன்னாங்க. நான் எழுதலை. அதான் இதை எழுதறேன்.

உங்க கடலை டின்னும் வந்துச்சு. அக்கா கையில வாங்கித் தடவிப் பார்த்துட்டு, எல்லாரையும் கூப்பிட்டுக் குடுத்துட்டாங்க.

நான் லீவு போட்டுட்டேன். வர்ற 24ஆம் தேதி கப்பல்ல அக்காவை மெட்ராஸ் கூட்டிட்டுப் போறேன். ராயபுரத்துல எங்க சித்தி வீட்டுல தங்கறோம். அட்ரஸ் பின்னால எழுதியிருக்கேன். நீங்க வாங்கன்னு நான் சொல்லலை. உங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

சரசு

*

பாதர்ஸ்ட்
11-9-1972

மீனா,

சரசுவின் கடிதம் நேற்று வந்தது. அவளைத் திட்டாதே.

இன்று காலை பக்காரி வழக்கம்போல, "உன் வீட்டார் எங்கே?" என்றார். ஓராண்டாகச் சொல்லும் பதில் வாயில் வரவில்லை. "என்ன, மறந்துவிட்டதா?" என்று சிரித்தார். தெரியவில்லை என்றேன். பிறகு இருவரும் தலைமை ஆசிரியரிடம் போனோம். மூன்றாம் வருஷமும் இல்லை, இரண்டாம் வருஷமும் இல்லை. பரீட்சைத் தாள்களைப் பக்காரி பார்த்துக்கொள்கிறார். அக்டோபர் 12 செனகலின் டக்கார் போய், அங்கிருந்து விமானம். அதற்குமுன் இடம் இல்லை என்றார்கள்.

இந்தக் கடிதத்தில் நாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

இடது கண்ணில் வெளிச்சமாவது தெரிகிறதா? வலது கண்ணில் எவ்வளவு மிச்சம்? தலைவலி உண்டா? எந்தப் பக்கம்? ஆறு மாதமாக அடுப்பை யார் பற்றவைக்கிறார்கள்? கண்ணையா வணக்கம் சொன்னது தெரியாமல் போனாயே, அது கண்ணால்தானா? மேசை உண்மையிலேயே ஆடியதா? நான் கப்பல் ஏறும்போதே உனக்குத் தெரியுமா?

ஆபரேஷன் என்றைக்கு? பயமாக இருக்கிறதா?

சிவஞானம்

*

ராயபுரம், சென்னை
27-9-1972

அன்பு அத்தானுக்கு, மீனாம்பாள் சொல்லச் சரசு எழுதுகிறாள். ஒற்றுகளை எல்லாம் நானே சொல்லிப் போடவைக்கிறேன்.

சுகம் என்று இந்தத் தடவை எழுதவில்லை. நீங்கள் கேட்டதற்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

இடது கண்ணில் வெளிச்சமும் இல்லை. தலைவலி இடது பக்கம்தான், இப்போது குறைந்திருக்கிறது. வலது கண் உங்கள் காம்பியாவைப்போல இருக்கிறது. நேராகப் பார்த்தால் கடைசிவரை தெரிகிறது, ஊசிகூடக் கோத்துவிடுவேன். அகலம்தான் இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு நாடு. எதிரே இருப்பவர் மூக்கைப் பார்த்தால் காதைக் காணோம். ஒரு வரியைப் படித்துவிட்டு அடுத்த வரியைத் தேடினால் அகப்படுவதில்லை.

அடுப்பை நானேதான் பற்றவைத்தேன். இரண்டு தடவை சுட்டுக்கொண்டேன். சரசு இதை எழுத மாட்டேன் என்று அடம்பிடித்தாள், அவளுக்கே இப்போதுதான் தெரியும். கண்ணையா அண்ணன் வந்து நின்றது இடது பக்கம். மேசை ஆடவில்லை.

நீங்கள் கப்பல் ஏறும்போதே தெரியும். கப்பல்தளத்தில் ஐம்பது பேர் கையசைத்தார்கள். உங்களைத் தேடித் தேடி, யாரோ ஒருவருக்குக் கையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லியிருந்தால் நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். போகாமல் இருந்தால் அதைப் பற்றிப் பேசவும் மாட்டீர்கள். அந்தப் பேசாத முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது என்று நினைத்தேன். அது தப்புத்தான். உங்கள் கடலைக் கடிதம் வந்தபோது கோபமும் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். நான் சொல்லாமல் விட்டதற்கு நீங்கள் மட்டும் பொறுப்பில்லை.

ஆபரேஷன் அக்டோபர் 4. நீங்கள் வரும்வரை தள்ளிவைக்கலாமா என்று கேட்டேன். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே ஏழு மாதம் தள்ளியாகிவிட்டது என்றார்.

பயமாக இருக்கிறது.

மீனாம்பாள்

*

குட்வில் எஸ்டேட், போர்ட் பிளேர்
18-3-1973

அன்புள்ள சரசுவுக்கு,

ஹட் பே ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போய் இரண்டு மாதத்தில் இரண்டே கடிதம். அடுத்த கப்பலில் மூன்றாவது வராவிட்டால் மீனா நேரில் கிளம்பிவிடுவாள்.

அவள் கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். வலது கண்ணில் அன்றைக்கு எவ்வளவு இருந்ததோ அவ்வளவு இருக்கிறது. போன வாரம் ஆஸ்பத்திரியில் சுவரில் பலகை வைத்து, ஊசியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டாக்டர் அதை நல்ல செய்தி என்றார், நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். பிப்ரவரியிலேயே மெட்ராஸ் போயிருந்தால் இடது கண்ணிலும் கொஞ்சம் மிஞ்சியிருக்குமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். மீனா வெளியே வந்ததும், "ஏன் அதைக் கேட்டீங்க?" என்றாள். தெரிந்துகொள்ளத்தான் என்றேன். "தெரிஞ்சுதா?" என்றாள். தெரிந்தது என்றேன். பஜார்வரை நடந்தோம். அங்கே கண்ணையா தூரத்தில் பார்த்துவிட்டு, ஓடி வந்து அவளுக்கு நேர் எதிரே நின்று கும்பிடு போட்டார். இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறார். பஜாரே நின்று பார்க்கிறது.

வீட்டில் அவளுக்கு இடது பக்கம் நான் நடக்கிறேன். முதலில் வாய் ஓயாமல் 'படி, கல், பள்ளம்' என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "இது வகுப்பா?" என்று ஒரு அதட்டல் போட்டாள். இப்போது அவள் கேட்டால் மட்டும் சொல்கிறேன்.

பள்ளியில் கூப்பிட்டுக் காம்பியாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். ஆறு, கடலை, கோலிக்குண்டு, எல்லாம் தடையில்லாமல் வந்தது. அங்கே இருந்த ஓராண்டில் என் மனைவி எப்படி இருந்தாள் என்று யாராவது கேட்டிருந்தால் ஒரு வரி சொல்லியிருக்க முடியாது. ஒவ்வொரு கடிதத்திலும் 'நலமறிய ஆவல்' என்று எழுதியிருக்கிறேன். எழுதிய எனக்கும் ஆவல் இல்லை, படித்த அவளுக்கும் அது கேள்வியாகத் தெரியவில்லை. கடைசியில் ஒரு கடிதத்தில் கண்ணைக் கண் என்று சொல்லிக் கேட்டேன், இரண்டு பக்கம் பதில் வந்தது. அந்த இரண்டு பக்கத்தையும் எழுதியவள் நீதான், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மாயாபந்தரில் இருக்கும் உன் அண்ணன் கிருஷ்ணன், அண்ணி காலமானபிறகு எப்போது எழுதினாலும் 'சப் டீக், நலம்' என்று ஒரே வரி போடுகிறான், என்ன எழுதினால் வாயைத் திறப்பான் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அடுத்த கடிதத்தில் நலத்தை விசாரிக்காதே. அவன் சாப்பாடு, தூக்கம், முழங்கால், ஏதாவது ஒன்றைப் பேர் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேள். கேள்விக்குக் கீழே அரைப்பக்கம் வெறுமையாக விட்டு, அந்தத் தாளையே அவனுக்கு அனுப்பு.

சிவஞானம்